தசையை நரம்பு வந்து பார்க்கும்

எங்கள் மூத்த மகளுக்குப் பிறக்கும்போதே இடது கை அசையவில்லை. இப்போது அவள் முதலாம் வகுப்பு. அந்தக் கையால் பென்சில் பெட்டி திறக்கிறாள், தங்கச்சியைக் கிள்ளுகிறாள், மாங்காய் பொறுக்குகிறாள். பின்கழுத்தைச் சொறிவதும் கையைத் தலைக்கு மேல் முழுதாகத் தூக்குவதும்தான் இன்னும் சிரமம். மட்டக்களப்பு ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இதே மாதிரி ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பன் ஒரு பின்னேரம் வந்து, "சேர், நீங்க என்னென்ன செஞ்சீங்க எண்டு ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்டார். நித்திரையில்லாத கண்கள். வாயால் சொன்னதில் பாதியும் அவருக்கு நினைவிருக்காது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன், டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளையின் கைக்கு என்ன செய்வது என்று அந்தப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கிளினிக் நெரிசலில் அவர்கள் சொல்ல நேரமில்லாமல் விடுகிற காரணங்களையும், வீட்டில் அன்றாடம் தடுக்குகிற சில்லறை விஷயங்களையும்தான் நான் சொல்லலாம்.

மனைவிக்குக் கர்ப்பகாலத்தில் சீனி கூடியிருந்தது. பிள்ளை நாலு கிலோவைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டது. அந்த நிலையில் சில நிமிடங்களுக்குள் பிள்ளையை எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நரம்புகள் இழுபடலாம். ஆயிரம் பிறப்புகளில் ஒன்று, இரண்டு இப்படி ஆகிறது. அந்த அறையில் இருந்தவர்கள் பிள்ளையை உயிரோடு எங்கள் கையில் தந்தார்கள். மற்றதெல்லாம் எனக்குப் பிறகுதான்.

கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முழங்கை மடியவில்லை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருந்தது. விரல்கள் மட்டும் என் விரலைப் பிடித்தன. அந்தப் பிடி நல்ல அறிகுறி என்று வாட்டில் இருந்த டொக்டர் சொன்னார். கைக்கு வரும் நரம்புகள் கழுத்தில் ஐந்து வேர்களாகப் புறப்பட்டு, ஒரு பின்னலாகச் சேர்ந்து பிரிகின்றன. மேலேயிருக்கும் 5ஆம், 6ஆம் கழுத்து வேர்கள் தோளுக்கும் முழங்கையை மடக்கும் தசைக்கும் போகின்றன. கீழ் வேர்கள் விரல்களுக்குப் போகின்றன. எங்களுக்கு அடிபட்டது மேலிரண்டும். 1874இல் இதை விவரித்த ஜெர்மன் வைத்தியர் வில்ஹெல்ம் ஏர்ப்பின் பெயரால் ஏர்ப் வாதம் என்கிறார்கள். கை முழுவதுமே துவண்டு, அதே பக்கக் கண்மடலும் தொங்கி, கண்மணியும் சிறுத்திருந்தால் விஷயம் வேறு. அது கீழ் வேர்களும் முள்ளந்தண்டு நாணிலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அறிகுறி. அப்படியானால் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே நரம்புச் சத்திரசிகிச்சை செய்பவர்களிடம் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனைகள் தொடங்கின. மாமி கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்து இறங்கினார். முந்தி என்றால் மண்முனையில் வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும். 2014இல் பாலம் வந்த பிறகு அவர் நினைத்த நேரத்துக்கு வருவார். படுவான்கரையில் பேர்போன முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் இருக்கிறார், கையை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்றார். நான் மறுத்தேன். முறிந்த எலும்பு என்றால் அது வேறு கதை. இழுபட்டுக் காயமான நரம்பை மறுபடி இழுப்பது எப்படிச் சரியாகும்? நூல் கட்டுவதற்கும் கண்ணூறு கழிப்பதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கைக்கு ஒரு கெடுதியும் இல்லை, மாமிக்கும் நித்திரை வந்தது. எண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடவுவது போல மெல்லப் பூசுவது பரவாயில்லை என்றார் பிசியோ மிஸ். உருவிப் பிடிப்பது, நெட்டி முறிப்பது, குளிப்பாட்டும்போது கையைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் கூடாது.

பிசியோ மிஸ் சொன்ன ஒரு வசனத்தை நான் அப்படியே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். "கையை எத்தனை தரம் ஆட்டினா தசை வளரும், மிஸ்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சேர், தசையப் பத்தி இப்ப யோசிக்காதீங்க. மூட்டு இறுகாமப் பாருங்க. தசைய நரம்பு வந்து பார்க்கும்."

அந்த வசனம் எவ்வளவு சரி என்று விளங்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. பிள்ளை நித்திரையான பிறகு போனில் ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பேன். நான் வகுப்பில் நரம்புத்தசைச் சந்தி என்று அரை மணித்தியாலத்தில் முடிக்கிற பாடம்தான். நரம்பு முனையில் அசற்றைல்கோலின் வெளியாகும், தசை நாரில் உள்ள வாங்கிகளில் ஒட்டும், தசை சுருங்கும். மணி அடிக்கும், வகுப்பு கலையும். நரம்பு கட்டளை கொடுக்கிறது, தசை கேட்கிறது, அவ்வளவுதான் என்பது போல. உண்மையில் அந்த முனையிலிருந்து கட்டளை மட்டும் வருவதில்லை. தசை தசையாக உருவாகவும் அப்படியே நிலைக்கவும் தேவையான சில புரதங்களையும் நரம்புக் கலம் வெளியே விடுகிறது.

அவற்றில் முக்கியமானது அக்ரின். ஒரு சந்தியில் தசையின் மேற்பரப்பில் ஒரு சதுர மைக்ரோமீற்றருக்கு ஏறத்தாழ 10,000 வாங்கிகள் நெருங்கி நிற்கின்றன. அந்த இடத்தை விட்டு விலகினால் அந்த அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அவ்வளவையும் ஒரே இடத்தில் கூட்டி நிறுத்துவது அக்ரின்தான். அது தசையின் மேலுள்ள எல்.ஆர்.பி.4 என்ற புரதத்தில் ஒட்டுகிறது. அது மஸ்க் என்ற இன்னொன்றை எழுப்புகிறது. அப்புறம் உள்ளேயிருக்கும் ரப்சின் வாங்கிகளை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கிறது. தசையும் அக்ரின் உண்டாக்குகிறதுதான். ஆனால் நரம்பு உண்டாக்கும் அக்ரினில் ஓரிடத்தில் 8, 11 அல்லது 19 அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. அந்தச் சிறு துண்டுதான் அதை ஆயிரம் மடங்கு அளவுக்கு வலிமையாக்குகிறது. தசை எவ்வளவு முயன்றாலும் தன் அக்ரினால் இந்த வேலையைச் செய்து முடிக்க முடியாது.

இந்தப் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட விதம் எங்கள் ஊருக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மக்மகனின் ஆய்வுக்கூடம் அதைப் பிரித்தெடுத்தது ஒரு திருக்கையிலிருந்து. நாம் கறி வைக்கிற திருக்கை இல்லை, மின்சாரம் அடிக்கிற இனம். அதன் மின்னுறுப்பு, தசைகள் உருமாறி அடுக்கடுக்காக வந்த ஒன்று. அதனால் நரம்புச் சந்திகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. இதை வகுப்பில் சொன்னபோது, வாவியில் தகப்பனோடு வலைக்குப் போகிற ஒரு மாணவன், அது அடித்தால் கை எவ்வளவு நேரம் விறைக்கும் என்று கேட்டான். பாடத்தை விட்டுக் கொஞ்ச நேரம் அதைத்தான் பேசினோம்.

அதற்கு முன்பே 1970களின் கடைசியில் அதே குழுவினர் தவளையில் செய்த பரிசோதனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தசை நாரைச் சிதைத்து, நரம்பையும் அறுத்தார்கள். தசையைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மட்டும் மிஞ்சியது. திரும்பி வளர்ந்து வந்த நரம்பு, உறையில் முன்பு சந்தி இருந்த அதே இடத்துக்குப் போய் நின்றது. மறுகா நரம்பை வரவிடாமல் தடுத்துத் தசையை மட்டும் வளரவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் புதுத் தசை நார் அந்தப் பழைய இடத்திலேயே வாங்கிகளைக் கூட்டியது. நரம்பு போய்விட்ட பிறகும் அது விட்டுப்போன ஏதோ ஒன்று உறையில் ஒட்டி இருந்திருக்கிறது என்று இதிலிருந்து விளங்கியது. அந்த ஏதோ ஒன்றைத் தேடிப் போய்த்தான் திருக்கையில் அக்ரினைப் பிடித்தார்கள். துவண்ட கையோடு பக்கத்தில் பிள்ளை படுத்திருக்க இதை வாசித்தபோது எனக்கு வந்த தைரியம் வேறு எதிலும் வரவில்லை.

1996இல் அக்ரின் இல்லாமலும் மஸ்க் இல்லாமலும் சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் பிறப்போடு செத்தன, ஏனெனில் பிரிமென்றகடு வேலை செய்யவில்லை, மூச்சு எடுக்க முடியவில்லை. கருவில் நரம்பு வந்து சேருமுன்பே தசையின் நடுப்பகுதியில் வாங்கிகள் ஓரளவு கூடத்தான் செய்கின்றன. நரம்பு வந்த பிறகு அசற்றைல்கோலின் அந்தக் கூட்டங்களைக் கலைக்கப் பார்க்கிறது. அக்ரின் படிந்த இடங்கள் மட்டும் தப்பி நிற்கின்றன. ஒரே நரம்பு முனை, ஒரு பொருளால் கலைத்து இன்னொன்றால் காக்கிறது. இப்படித்தான் ஒவ்வொரு தசை நாருக்கும் ஓர் ஒழுங்கான சந்தி அமைகிறது.

இன்னொரு குடும்பம் நியூரெகுலின். தசை எவ்வளவு நீள்கிறது என்று அளந்து மூளைக்குச் சொல்கிற, தசைக் கதிர் எனப்படும் சிறு உறுப்புகள் உண்டு. கருவில் உணர்வு நரம்பு வந்து நியூரெகுலின் கொடுத்தால்தான் அந்தக் கதிர்கள் உருவாகின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நரம்பு அடிபட்ட கையில் அசைவு போனதை எல்லோரும் பார்க்கிறார்கள். உணர்வு நரம்பும் தசையை வளர்க்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

எல்லாம் புரதம்தான் என்று சொன்னால் அதுவும் சரியில்லை. 1960இல் புல்லரும் எக்கிள்ஸ் தந்தையும் மகளும் பூனையில் வேகத் தசையின் நரம்பையும் மெதுத் தசையின் நரம்பையும் மாற்றிப் பொருத்தினார்கள். தசைகளின் குணம் மாறிவிட்டது. நரம்பு ஏதோ பொருளைக் கொடுத்து மாற்றுகிறது என்று அப்போது பலர் நினைத்தார்கள். 1972இல் லோமோவும் ரோசென்தாலும் நரம்பறுந்த எலித் தசைக்கு நேரே மின்துடிப்புக் கொடுத்து, நரம்பில்லாமலே சில மாற்றங்களைத் தடுத்துக் காட்டினார்கள். ஆக அசைவுக் கட்டளையும் வேண்டும், புரதமும் வேண்டும். இரண்டும் ஒரே வழியாக வருகின்றன, அந்த வழிதான் எங்கள் மகளுக்குத் தடைப்பட்டிருந்தது.

லோமோவின் கதையை சுவிஸில் இருக்கும் மச்சானிடம் போனில் சொன்னது வேறு வேலை வைத்தது. "அப்ப நான் ஒரு கரன்ட் மெஷின் அனுப்புறன் அத்தான்" என்று நின்றார். பிசியோ மிஸ்ஸிடம் கேட்டோம். கைக்குழந்தைக்கு வீட்டில் மெஷின் எதுவும் வைக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். உணர்வு சரியாக இல்லாத தோலில் எரிகாயம் வந்தாலும் பிள்ளை அழாது என்பது அவர் சொன்ன காரணம். பெட்டி வரவில்லை. அந்தக் காசில் அவர் சொக்லட் அனுப்பினார்.

மாமியோ புரதம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். "புள்ளட கைக்குப் புரதம் வேணுமெண்டா தாய்க்காரி நல்லாத் தின்னணும்" என்று தன் மகளுக்குச் சுறாப் புட்டும் முட்டையும் மாறி மாறிச் சமைத்துக் கொடுத்தார். பால் நன்றாகச் சுரந்தது, அதில் நஷ்டமில்லை. ஆனால் தின்கிற புரதம் குடலில் அமினோ அமிலமாக உடைந்துதான் இரத்தத்தில் சேரும். அது அக்ரினாக மாறிச் சந்தியில் போய் உட்காராது. நரம்புக்குச் சத்து என்று விற்கிற டின் மாவுகளுக்கும் இதே பதில்தான். மாமிக்கு நான் அதைச் சொல்லவில்லை. டின் மா வாங்கப் போன பக்கத்து வீதித் தகப்பனுக்குச் சொன்னேன்.

புரதம் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. 2019இல் சுண்டெலிக் குட்டிகளில் வெளியான ஓர் ஆய்வு. நரம்பறுந்த இளம் தசை புரதம் கட்டுவதை நிறுத்துவதில்லையாம். கட்டுவதையும் மிஞ்சி உடைக்கிறது. அதனால் தசை நீளத்தில் வளரத் தவறுகிறது. எலும்போ தன் பாட்டில் வளர்கிறது. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருஷத்துச் சட்டையைப் போட்டால் அக்குளில் இழுத்துப் பிடிக்குமே, தோள் மூட்டைத் தசை அப்படித்தான் இழுத்துப் பிடிக்கிறது. மூட்டு இறுகுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறார்கள். நாணிலிருந்தே வேர் பிடுங்கப்பட்ட குட்டிகளில், அசைவு ஒரேயடியாகப் போயிருந்தும், இறுக்கம் குறைவாக இருந்தது. அவற்றில் உணர்வு நரம்பின் கலங்கள் தசையோடு இன்னும் தொடர்பில் இருந்தன. உடைவைத் தடுக்கிற ஒரு மருந்தைக் கொடுத்தபோது தசை நீளமாக வளர்ந்தது. ஆனால் அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து, பிள்ளைகளுக்கான வைத்தியமாக இன்னும் வரவில்லை. அது வரும்வரை இறுக்கத்தைத் தள்ளிப் போட நம்மிடம் இருப்பது கைப்பயிற்சி.

பயிற்சி செய்யும் மனநிலையே இதனால் எனக்கு மாறியது. தசையைப் பெருப்பிக்க வேண்டும் என்று நினைத்தால் அழுத்தமாகச் செய்யத் தோன்றும். பாதையைத் திறந்து வைத்திருப்பதுதான் வேலை என்று விளங்கினால் மெதுவாகவும் அடிக்கடியும் செய்யத் தோன்றும். முதல் இரண்டு, மூன்று வாரம் காயம் ஆறும்வரை கையைச் சும்மா விடச் சொன்னார்கள். காறை எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நப்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் கைக்கும் பயிற்சி. தனியாக நேரம் ஒதுக்கினால் விட்டுப்போகும். நப்பி விட்டுப்போகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தோளை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி. மேற்கையை விலாவோடு சேர்த்து வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முன்னங்கையை மெல்ல வெளியே திருப்பிச் சில நொடி பிடித்து விட வேண்டும். கையை மேலே தூக்கும்போது மறு கையால் தோட்பட்டை எலும்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் பட்டையும் சேர்ந்து ஏறிவிடும், மூட்டு அசைந்தது போலத் தெரியும், அசைந்திருக்காது. இதைப் படித்துச் செய்யாமல் பிசியோவிடம் ஒருமுறை உங்கள் கைமேல் அவர் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி நிமிர்த்துவது எளிது, அது யாருக்கும் வரும். பிள்ளை வலியில் அழுதால் நிறுத்த வேண்டும். சிணுங்குவது வேறு, அந்த வித்தியாசம் தாய்க்குத்தான் முதலில் தெரியும்.

திருப்பம் திடீரென்று முந்தியைவிடக் குறைந்தாலோ, தோளில் சொடுக்குச் சத்தம் கேட்டாலோ, இரண்டு மேற்கைகளின் தோல்மடிப்பும் வேறுவேறாகத் தெரிந்தாலோ அடுத்த கிளினிக் வரை வைத்திருக்க வேண்டாம். தோள் மூட்டு பின்பக்கம் நழுவத் தொடங்கியிருக்கலாம். ஸ்கான் பார்த்தால் தெரியும். வயது ஒன்று ஆகும் முன்பே இது வரலாம் என்பது எங்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

சட்டை போடுவதற்கு ஒரு விதி: பலவீனமான கை முதலில் உள்ளே போகும், கடைசியில் வெளியே வரும். முன்பக்கம் திறக்கிற சட்டைகளே தைத்தோம். தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை பின்புறத்துக்கு, ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும். இதை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அக்குளில்தான் பிடிப்பார்கள், பிடித்துக் குலுக்கியும் பார்ப்பார்கள். கடைசியில் மாமி வாசலிலேயே உட்கார்ந்து காவல் காத்தார். அந்த வேலைக்கு அவரைவிட ஆள் கிடையாது. பால் குடிக்கும்போது அந்தக் கை தாயின் முதுகுப் பக்கம் தொங்கிப் போகாமல் நெஞ்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். படுக்கும்போது சிறு துவாயைச் சுருட்டி முழங்கைக்கு அண்டை கொடுத்தோம்.

தொடு உணர்வுக்காகப் பருத்தித் துணி, பழைய பட்டுச் சேலைத் துண்டு, மெத்தென்ற பிரஷ் என்று மாற்றி மாற்றித் தடவினோம். உணர்வு திரும்பும் நாட்களில் சில பிள்ளைகள் தங்கள் விரலையே கடித்துக்கொள்வார்கள், எங்களுடையவளும் கடித்தாள். கையுறை போட்டு விட்டோம். நல்ல கை எல்லா வேலையையும் செய்தால் மூளை இந்தக் கையை மறந்துவிடும் என்பதால் கிலுகிலுப்பையை எப்போதும் இடப்பக்கமே ஆட்டினோம். பிறகு இரண்டு கையும் வேண்டிய விளையாட்டுகள்: பெரிய பந்து, மூடிபோட்ட டப்பா, ரொட்டி மா பிசைவது.

இனி நாட்கணக்கு. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். பிள்ளையின் கழுத்திலிருந்து மேற்கையின் இருதலைத் தசை வரை அளவு நாடாவை வைத்துப் பார்த்தால், அறுந்த நரம்புக்கு ஏன் மாதங்கள் ஆகின்றன என்று கண்ணுக்கே தெரியும். வெறுமனே இழுபட்டு, அறாமல் தப்பிய நரம்பு வாரங்களில் எழும்பிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கூட்டம்தான். அதனால்தான் டொக்டர்மார் மூன்று மாதத்தைப் பார்க்கிறார்கள். அதற்குள் பிள்ளை தானாக முழங்கையை மேல்நோக்கி மடக்கத் தொடங்கினால் நம்பிக்கை அதிகம். மடக்காவிட்டால் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். காலிலிருந்து ஓர் உணர்வு நரம்பை எடுத்து இடைவெளியில் ஒட்டுவது, அல்லது பக்கத்து நரம்பொன்றைத் திருப்பிப் பொருத்துவது. சில இடங்களில் ஆறு மாதம், சில இடங்களில் ஒன்பது மாதம் வரை பார்ப்பார்கள். ஒன்பதாம் மாதச் சோதனை எளிது: மேற்கையை விலாவோடு பிடித்துக்கொண்டு, அந்தக் கையில் பிஸ்கட்டைக் கொடுப்பார்கள், கழுத்தை அதிகம் குனியாமல் வாய்க்குக் கொண்டுபோனால் தேறியாயிற்று.

ஏன் இந்த அவசரம் என்றால், தசையும் சந்தியும் எப்போதைக்கும் காத்திருப்பதில்லை. பெரியவர்களில் ஒன்று, ஒன்றரை வருடம் கழித்து நரம்பு வந்தாலும் தசை பழையபடி ஏற்காது. உறையில் பழைய அடையாளம் இருந்தாலும் தசை நார் மெலிந்து, இடையில் கொழுப்பும் நார்த்திசுவும் ஏறிவிடும். ஆகவே "பிள்ளை வளர வளரச் சரியாகும்" என்று யார் சொன்னாலும், எந்த மாதம்வரை பார்க்கலாம் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு திகதியைச் சொல்லச் சொல்லுங்கள், அதைக் குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

எங்களையும் கொழும்புக்கு அனுப்பினார்கள். உதயதேவி ரயிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். மடக்கத் தொடங்கியிருக்கிறாள், பொறுத்துப் பார்க்கலாம் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். அவரை அப்படிச் சொல்லவைத்தது நாங்கள் எடுத்த வீடியோ. கிளினிக்கில் பிள்ளை ஒன்றில் நித்திரை, இல்லையென்றால் அழுகை. அங்கே அவள் கையை ஆட்டியதே இல்லை. வீட்டில் மாதாமாதம் அதே பாயில், அதே ஜன்னல் வெளிச்சத்தில், சட்டை இல்லாமல், இரண்டு கையும் தெரிய எடுத்து வைத்தோம். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்; தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புது டொக்டர் இருப்பார், முதலிலிருந்து கேட்பார். கொப்பியும் வீடியோவும் இருந்தால் அந்த நேரம் மிச்சம்.

முழங்கை நன்றாக வந்துவிட்டது. தோள் முழுதாக வரவில்லை. வெளிப்பக்கம் திருப்பும் தசைகள் பலவீனம், உள்பக்கம் இழுப்பவை பலம். அந்தச் சமநிலைக் குறைவு மூட்டெலும்பின் வடிவத்தையே மாற்றலாம் என்பதால் இன்னும் வருடாவருடம் காட்டுகிறோம். வகுப்பில் வலது கையை உயர்த்த வசதியாக அவளைச் சுவரோரம் உட்கார வைக்க வேண்டாம் என்று ரீச்சரிடம் கேட்டோம். பள்ளிக்கூடப் பையை இரண்டு தோளிலும் போடுவாள், ஒரு தோளில் இல்லை. யாராவது "கைக்கு என்ன?" என்று கேட்டால், "பிறக்கக்குள்ள நரம்பு இழுபட்டது" என்று தானே சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

இரண்டாவது கர்ப்பத்தில் முதல் கிளினிக்கிலேயே முந்திய பிரசவத்தில் தோள் சிக்கியதைச் சொன்னோம். ஒருமுறை நடந்தவர்களுக்குத் திரும்ப நடக்கும் வாய்ப்புக் கூடுதல். சீனியை ஆரம்பத்திலேயே பார்த்தார்கள், பிள்ளையின் அளவைக் கவனித்தார்கள், எப்படிப் பெறுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்தார்கள். கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிற கேள்விகள் இவை: வெளித் திருப்பம் போன வருடத்தைவிட எத்தனை பாகை குறைந்திருக்கிறது? தோள் மூட்டை மறுபடி ஸ்கான் பார்க்க வேண்டுமா? தசைநாணை இடம் மாற்றிக் கட்டும் சத்திரசிகிச்சை என்றால் எந்த வயது நல்லது, அதன் பிறகு எவ்வளவு காலம் மாக்கட்டு? கராத்தே வகுப்பில் சேரலாமா? கடைசிக் கேள்வி அவள் சொல்லி நான் எழுதியது.